சேற்றுக்குள் சில்வர் பார்டர்

அமெரிக்கா போகிறேன் என்றதும் நாமக்கல்லில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நயாகராவைப் பார்க்காமல் வரக் கூடாது, சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் கையைத் தூக்கிப் போட்டோ எடுக்க வேண்டும், தயிரைப் பார்த்து வாங்க வேண்டும், சிலதில் சர்க்கரை போட்டிருப்பார்கள். கடைசி யோசனை ஒன்றுதான் உபயோகப்பட்டது. நயாகராவையும் பார்க்கவில்லை, சிலையையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது சேறு. முழங்கால் அளவு சேறு. அதையும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

போன காரியம் சாமான் கட்டுவது. என் தங்கை செல்வி, நியூஜெர்சியில் பார்சிப்பனி என்கிற ஊரில் பல வருஷமாக இருந்தாள். அவள் வீட்டுக்காரர் செந்தில் வேலை செய்கிற கம்பெனி, அவருடைய டீமை அப்படியே டெக்ஸாஸுக்கு மாற்றிவிட்டது. கூடப் போகாவிட்டால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும். ஆகவே வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே ஃபிரிஸ்கோ என்கிற ஊருக்குப் போகிறார்கள். "அண்ணா, உனக்கும் ஊரைப் பாத்த மாதிரி ஆச்சு, எனக்கும் ஒத்தாசை ஆச்சு. வந்து மூட்டை கட்டிக் குடு" என்றாள் போனில். நாமக்கல்லில் எனக்கு லாரி புக்கிங் ஆபீஸ். கோழித் தீவனத்திலிருந்து கிரானைட் பலகை வரைக்கும் ஏற்றி அனுப்புகிறவன். ஒரு அப்பார்ட்மெண்ட் சாமான் எனக்கு எம்மாத்திரம் என்று ஜம்பமாகத்தான் பிளேன் ஏறினேன்.

ஜம்பம் முதல் நாளே இறங்கிவிட்டது. அந்த வீட்டில் ஒரு முழம் சணல் கயிறு கிடையாது. சாக்கு கிடையாது. எல்லாம் அட்டைப் பெட்டியும் டேப்பும்தான். அந்த டேப்பு பெட்டியில் ஒட்டுவதற்கு முன்னால் என் கையில் ஒட்டியது, கையிலிருந்து எடுத்தால் சட்டையில் ஒட்டியது. "கயிறு இல்லாம என்னடி லோடு கட்டறது?" என்று நான் கத்த, "அண்ணா, இது இரும்புக் கம்பி லோடு இல்ல. என் பொடவை" என்றாள் செல்வி. இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் அவள் மகள் இனியா. பத்து வயது, அங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, பாதி புரிந்தால்தானே சண்டை வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே எழுதாத லோடு, லோடே இல்லை. மார்க்கரை எடுத்து, ஏற்றுகிறவன் படிக்க வேண்டுமே என்று இங்கிலீஷிலேயே கொட்டை எழுத்தில் எழுதினேன். துணி, புத்தகம், கண்ணாடி, சில்வர், பொம்மை. கையெழுத்து நன்றாக இருப்பதாக இனியா சர்டிபிகேட் கொடுத்தாள்.

அன்று ராத்திரி செல்வி அரிசிம்பருப்பு சாதம் போட்டாள். நெய்யும் அப்பளமும் வைத்து நான் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டிருந்தபோது, செந்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார். "மச்சான், நாளைக்கு சனிக்கிழமை. ஒரு எடத்துக்குப் போகணும். நீங்களும் வரீங்களா?"

"வந்துருச்சு!" என்றாள் செல்வி. "மத்த வீட்டு ஆம்பளைங்க சனிக்கிழமையானா கடைக்குப் போறாங்க, கிரிக்கெட் ஆடறாங்க. இவரு சேத்துல நின்னு பட்டாம்பூச்சிக்குக் காவல் காக்கறாரு. வீட்ட காலி பண்ற வாரத்துலகூட விட மாட்டாரு பாரேன்."

செந்தில் அதிகம் பேசுகிறவர் அல்ல. கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது பேசியதற்குப் பிறகு இந்த ராத்திரிதான் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டது. வடக்கே ஒரு மணி நேரம் போனால் ஈரப் புல்வெளி ஒன்று இருக்கிறதாம், ஒரு பக்கம் சதுப்பு. குளிர்ப் பிரதேசத்தில் அந்த மாதிரி இடத்தில் மட்டும் வாழ்கிற பட்டாம்பூச்சி ஒன்றை, மூன்று கோடைகாலமாக அவர் அங்கே பார்த்து வருகிறாராம். பெயர் சில்வர் பார்டர்ட் ஃப்ரிட்டில்லரி.

"சேலை பேரு மாதிரி இருக்குதுங்க மாப்ள" என்றேன்.

"நியூஜெர்சில இப்ப அது ரொம்ப அபூர்வம் மச்சான். அங்க இருக்குதுன்னு நான் சொன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. எங்க பட்டாம்பூச்சி குரூப்புல என்னைப் பாத்தாலே சிரிக்கறாங்க."

"போட்டோ எடுத்துக் காட்ட வேண்டியதுதானே?"

"நெறைய இருக்கு. எல்லாம் தூரத்துல இருந்து, மேல் பக்கம் எடுத்தது. அதே ஜாடைல இன்னொண்ணு இருக்கு. ரெண்டும் ஆரஞ்சு, ரெண்டுலயும் கருப்புப் புள்ளி. றெக்கைய மூடி ஒக்காந்தாத்தான் வித்தியாசம். இதுக்கு அடிப்பக்கம் சில்வர் புள்ளி வரிசையா இருக்கும், அதுக்கு இருக்காது. இது றெக்கைய மூடுற வரைக்கும் பக்கத்துல விடறதே இல்ல."

"பங்காளிங்கன்னு சொல்லுங்க."

"பங்காளியேதான்" என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார். அந்தப் புல்வெளியைப் பராமரிக்கிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் டிராக்டர் விட்டு, புல்லை ஒட்ட வெட்டிவிடுவார்கள். இந்தப் பூச்சியின் புழு, புல்லுக்கு அடியில் முளைக்கிற வயலெட் செடியைத்தான் தின்னும். வெட்டினால் முட்டை, புழு எல்லாம் சேர்ந்து போய்விடும். அபூர்வப் பூச்சி இருப்பதாகச் சரியான சாட்சியோடு பதிவானால், அந்தத் துண்டை மட்டும் வெட்டாமல் விடுவார்கள். "அடுத்த வாரம் நாம கெளம்பறோம். அதுக்கு அடுத்த வாரம் டிராக்டர் வருது. எனக்கு அப்பறம் அங்க போய்ப் பாக்க யாரும் இல்ல மச்சான்" என்றார். எனக்குப் பட்டாம்பூச்சியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தங்கை வீட்டுக்காரர் என்னிடம் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை இனியாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தியதும் நான் இறங்கப் போனேன். செந்தில் தடுத்தார். இந்த தேசத்திலேயே நியூஜெர்சியில் மட்டும்தான் பெட்ரோலை நாமே போடக் கூடாதாம், ஆள் வந்துதான் போடுவானாம். அப்படியே ஆள் வந்தார், தலைப்பாகையும் தாடியுமாக ஒரு பஞ்சாபிக்காரர். என் முகத்தைப் பார்த்து "நமஸ்தே ஜி" என்றார். எனக்கு நாமக்கல் பைபாஸில் நிற்கிற மாதிரியே ஆகிவிட்டது. கண்ணாடியைத் துடைக்கவில்லை என்பதுதான் குறை.

புல்வெளிக்கு வெளியே எங்களுக்காக ஒரு அம்மாள் காத்திருந்தார். பெயர் மார்த்தா. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், செந்திலின் பட்டாம்பூச்சி குரூப்புக்குத் தலைவி. எதைப் பதிவு செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது அவர் கையில். முதல் வேலையாக என் வேட்டியைப் பார்த்தார். பிறகு என் செருப்பைப் பார்த்தார். செந்திலிடம் ஏதோ சொன்னார். "உண்ணி ஏறுமாம் மச்சான். பேண்ட் போட்டு, பேண்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகணுமாம்" என்றார் அவர். உண்ணி மாட்டுக்குத்தானே வரும் என்றேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. கடைசியில் காரில் கிடந்த அவருடைய பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு, சாக்ஸுக்குள் சொருகி, மேலே என் தோல் செருப்பையே போட்டுக்கொண்டேன். இனியா அந்தக் கோலத்தில் என்னைப் போட்டோ எடுத்தாள். அது நாமக்கல்லுக்கும் போய்ச் சேர்ந்தது.

தூரத்தில் இருந்து பார்க்க அது நல்ல மேய்ச்சல் நிலம். கால் வைத்தால்தான் தெரியும், புல்லுக்கு அடியில் தண்ணீர். நடந்தால் தரையே மெத்தை மாதிரி அமுங்கி எழும்பியது. கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று புல் நுனியை ஒட்டிப் பறந்தது. "அதுதான், அதுதான்!" என்று செந்தில் கேமராவோடு ஓடினார். அது அவருக்கு இரண்டடி முன்னால் பறந்துகொண்டே போனது. மார்த்தா ஓடவில்லை. கையில் பைனாகுலரோடு நின்று, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் போன நான் ஒரு இடத்தில் காலை வைத்தேன். கால் போனது. இழுத்தேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

எங்கள் ஊர் வடிவேல் கடையில் சொல்லித் தைத்த செருப்பு அது. விடுவேனா? அங்கேயே சேற்றில் குத்த வைத்து உட்கார்ந்து, கையை விட்டுத் துழாவினேன். அந்த நேரம் வெயில் மேகத்துக்குள் போனது. எல்லாப் பூச்சியும் ஒரேயடியாக அடங்கியது. என் மூக்குக்கு நேரே, ஒரு புல் தாளில், இறக்கையை மூடி ஒன்று வந்து உட்கார்ந்தது. நான் அசையவில்லை, செருப்பு அப்போதுதான் விரலில் பட்டிருந்தது. பூச்சியின் அடிப்பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். செங்காவி நிறம். ஓரத்தில் வரிசையாக வெள்ளை, நடுவிலும் அங்கங்கே வெள்ளை. சோற்றுப் பருக்கையை எண்ணி ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. சில்வரே இல்லை. சரி, இது பங்காளி என்று முடிவு கட்டினேன். செருப்பை இழுத்த சத்தத்தில் அது பறந்துவிட்டது.

அது பறப்பதை மார்த்தா பார்த்துவிட்டார். வேகமாக வந்து நேராக என்னிடமே கேட்டார். "சில்வர்? எனி சில்வர்?"

இந்த இங்கிலீஷுக்கு எனக்கு யாரும் தேவையில்லை. "நோ சில்வர்" என்றேன். "ஒயிட்."

"ஆர் யூ ஷ்யூர்?"

"ஷ்யூர். ஐ நோ சில்வர் வெரி வெல்."

மார்த்தா செந்திலைத் திரும்பிப் பார்த்தார். பரிதாபமாகத்தான் பார்த்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளை என்றால் அது எதுவாகவும் இருக்கலாம், ஆசை இருந்தால் கண்ணுக்கு எல்லாம் அதுவாகவே தெரியும், தனக்கும் அப்படி ஆகியிருக்கிறது என்று அன்பாகச் சொன்னாராம். திரும்பி வரும்போது செந்தில் காரில் வழக்கமாகப் போடுகிற பாட்டைப் போடவில்லை. "உள்ளதைத்தானே மாப்ள சொன்னேன்?" என்று நான் கேட்டதற்கு, "நீங்க என்ன பண்ணுவீங்க மச்சான், நான் பாத்ததே தப்பா இருக்கும்" என்றார். மூன்று வருஷமாக ஊரே சிரித்தும் விடாத ஆள், என் ஒரு வார்த்தையில் விட்டுவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து வந்த நாட்களெல்லாம் டேப்பும் பெட்டியும்தான். செவ்வாய்க்கிழமை லாரிக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் சாமானைப் பார்க்க வந்தான். மறுநாள் மத்தியானம் லாரி. ஆள் ஏழடி இருப்பான், கதவில் குனிந்து வந்தான். பெட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், சமையலறைப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுவிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு செந்திலிடம் ஏதோ கேட்டான். செந்திலுக்குப் புரியவில்லை. அவன் விரலை நீட்டினான். என்னுடைய கொட்டை எழுத்து: சில்வர். அடுத்த பெட்டி: சில்வர். அதற்கடுத்ததும் சில்வர்.

"இதையெல்லாம் நாங்க ஏத்த முடியாது சார்" என்றானாம். "இவ்வளவு மதிப்புள்ள பொருளை நீங்களே கையோட கொண்டு போங்க. இன்னொண்ணும் சொல்றேன், வெளியே இப்படி எழுதி வைக்காதீங்க. யாராவது பாத்துருவாங்க."

செந்தில் ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். மேலாக இட்லிக் குண்டான். அதற்குக் கீழே குழம்புச் சட்டி, டிபன் கேரியர், டம்ளர், அஞ்சறைப் பெட்டி. எல்லாம் பளபளவென்று எவர்சில்வர். ஏழடி ஆள் ஒரு டம்ளரை எடுத்துத் தட்டிப் பார்த்தான். பிறகு பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பில் இனியா சேர்ந்தாள், செல்வி சேர்ந்தாள், கடைசியில் செந்திலும் சேர்ந்தார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் எங்கள் ஊரில் சில்வர் என்போம் என்று அவர் விளக்கினார்.

நான் சிரிக்கவில்லை.

"மாப்ள, ஒரு நிமிசம். அப்ப இவங்க ஊர்ல சில்வர்னா என்ன?"

"வெள்ளி மச்சான்."

"நம்ம வெள்ளியா? கொலுசு பண்றோமே, அந்த வெள்ளியா?"

"என்னண்ணா இது, வெள்ளின்னா வேற எந்த வெள்ளி?" என்றாள் செல்வி. அவள் கையில் இனியாவின் குழந்தைக் கொலுசு இருந்தது. கறுத்துக் கிடந்ததை விபூதி போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றக் கொண்டு வந்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். ஸ்டீல் மாதிரி கண்ணாடியாக மின்னவில்லை. வெள்ளையாக இருந்தது. சோற்றுப் பருக்கை வெள்ளை.

"ஐயையோ மாப்ள!" என்று அங்கேயே சில்வர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். "நான் பாத்தது வெள்ளிதாங்க! நான் டம்ளரைத் தேடிட்டு இருந்தேன், அது வெள்ளியா ஒக்காந்திருந்துச்சு! பேரைத் தமிழ்ல சொல்லியிருந்தா அப்பவே கையக் காட்டியிருப்பேனே!"

செந்தில் என்னைப் பார்த்தார். கொலுசைப் பார்த்தார். "ஓரத்துல வரிசையா இருந்துச்சுங்களா?" என்றார்.

"வரிசையா, எண்ணி வச்ச மாதிரி."

"சேலைல வெள்ளி ஜரிகை பாத்ததே இல்லியா நீ?" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஏன் சேலை ஜரிகையைப் பார்க்கப் போகிறேன்? என் வீட்டுக்காரி கட்டியிருந்தாலே பார்ப்பதில்லை என்பது அவள் பல வருஷப் புகார்.

செந்தில் அன்றைக்கே மார்த்தாவுக்குப் போன் பண்ணினார். அந்த அம்மாள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்தவர் சனிக்கிழமை இல்லை என்றார், செவ்வாய்க்கிழமை ஆமாம் என்கிறார், இதை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். நியாயம்தான். பிறகு இட்லிக் குண்டான் கதையை செந்தில் சொன்னார். போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. காலையில் வருகிறேன், இறக்கையின் அடிப்பக்கத்தை என் கண்ணால் பார்த்தால்தான் பதிவு என்றாராம்.

"நாளைக்கு மத்தியானம் லாரி!" என்று செல்வி ஆடினாள் பாருங்கள் ஒரு ஆட்டம். ஆடி முடித்துவிட்டு, அடுப்பு ஒன்றைத் திரும்பப் பற்றவைத்து எங்களுக்குப் புளிசாதம் கிளறினாள். "லாரிக்கு முன்ன வரலைன்னா ரெண்டு பேரும் அந்தச் சேத்துலயே குடியிருங்க. பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, இங்க இருந்தா பெட்டியைப் பிரிச்சுடுவா."

புதன்கிழமை காலை கிளம்பியதிலிருந்து நான் வாயை மூடவில்லை. அதனால் ஃப்ரீவேயில் திரும்ப வேண்டிய இடத்தை செந்தில் விட்டுவிட்டார். நம் ஊராக இருந்தால் நாலு அடி ரிவர்ஸ் எடுத்திருப்போம். அங்கே அடுத்த வழி வரும்வரை நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த வழி வருவதற்குள் பாதி ஜெர்சியைப் பார்த்துவிட்டோம். போய்ச் சேர்ந்தபோது மார்த்தா வேலியில் சாய்ந்து நின்றிருந்தார்.

நல்ல வெயில். ஆரஞ்சு நிறம் அங்கங்கே பறந்தது, ஒன்றும் உட்காரவில்லை. உட்கார்ந்தாலும் இறக்கையை விரித்து உட்கார்ந்தது, கிட்டப் போனால் எழுந்தது. செந்தில் ஊர்ந்தார். மார்த்தா மண்டியிட்டார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. பசியும் வந்துவிட்டது. இவர்கள் பிடிக்கிறபடி பிடிக்கட்டும் என்று மரக்கட்டை ஒன்றில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். புளிசாதம், ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன். தண்ணீர் பாட்டில் காரில் இருந்தது, அதனால் கையை உதறிவிட்டு முழங்கால் மேல் வைத்துக் காய விட்டேன்.

அப்போது வந்தது. சுற்றிச் சுற்றி வந்து, என் வலது கை ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது. சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டி, விரல் இடுக்கில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தது. உப்பு என்றால் பட்டாம்பூச்சிகளுக்கு உயிராம், செந்தில் பிறகு சொன்னார். வியர்வை, புளி, ஊறுகாய் எல்லாம் சேர்ந்த கை, விருந்து. விரிந்திருந்த இறக்கை மெதுவாக மூடியது.

"மாமா, டோன்ட் மூவ்!" என்றாள் இனியா, மூச்சுக்குள்ளேயே.

அசைவேனா? ஆனால் ஒரு கொசு வந்து என் மூக்கில் உட்கார்ந்தது. கடிக்கட்டும் என்று விட்டேன். மார்த்தா நாலு காலில் சேற்றில் வந்தார். செந்தில் இந்தப் பக்கத்திலிருந்து வந்தார். இரண்டு பேர் தலையும் என் விரலுக்கு நேராக நின்றது. வெயில் சாய்ந்து பட்டது. சனிக்கிழமை மேகத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது, இப்போது ஓரம் முழுக்க வெள்ளியாக மின்னியது. செந்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு விரல் கூசியது, மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. "என்ன கலர்னு கேளுங்க மாப்ள, இப்பச் சொல்றேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

மார்த்தா அதற்கு முன்னாலேயே சொன்னார். "சில்வர்" என்றார். பிறகு செந்திலின் முகத்தைப் பார்த்து நிறையப் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது, மீதியை இனியா தமிழிலேயே சொன்னாள், அவள் தமிழில் இத்தனை நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "மூணு வருசமா நல்லா பாருன்னு உங்களைத்தான் சொன்னேன். நான் ஒரு நாள் வந்து உங்க கூட ஒக்காந்திருக்கணும். இது உங்க பூச்சி. உங்க பேர்ல எழுதறேன்."

செந்தில் அழுதுவிட்டார். வேலை மாறியதற்கு அழாதவர், வீடு மாறுவதற்கு அழாதவர், சேற்றில் மண்டி போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பூச்சி அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ஊறுகாயை முடித்துவிட்டுத்தான் போனது.

நாங்கள் திரும்பியபோது லாரி வாசலில் நின்றது. செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு லோடு ஏற்றிக்கொண்டிருந்தாள். என் தங்கையாயிற்றே, கனமானது அடியில், கண்ணாடி மேலே என்று சரியாகவே அடுக்கியிருந்தாள். அந்த ஏழடி ஆள் சில்வர் பெட்டி ஒன்றைச் சாமி தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னைக் கடந்து போனான். போகும்போது கண்ணடித்தான். எங்கள் மூன்று பேரின் சேற்றைப் பார்த்துத் திட்ட வாயைத் திறந்த செல்வி, தன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். "கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். "போய்க் குளிங்க" என்றாள்.

டெக்ஸாஸ் வேறு உலகம். ஃபிரிஸ்கோவில் பெட்ரோலை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். பால் வாங்கவும் கார், கோயிலுக்கும் கார். அனுமார் கோயிலில் தமிழும் தெலுங்கும் வரிசையில் நிற்கிறது, சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. புது வீடுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, முன்னால் கம்பளம் விரித்த மாதிரி புல். அது ஒரு விரல் உயர்ந்தால் காலனி ஆபீஸிலிருந்து எச்சரிக்கை வருமாம். சனிக்கிழமையானால் தெரு முழுக்கப் புல் வெட்டுகிற மெஷின் சத்தம். செந்தில் அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அங்கே நியூஜெர்சியில் டிராக்டர் வருகிற வாரம் அது.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், செல்வி காபி கொண்டு வந்து வைத்தாள். "இந்தா, உன் வெள்ளி டம்ளர்" என்றாள். இந்தக் கிண்டல் எனக்கு ஆயுள் முழுக்க உண்டு. அந்த நேரம் செந்திலின் போன் சிணுங்கியது. மார்த்தா படம் அனுப்பியிருந்தார். புல்வெளி முழுக்க வழித்துவிட்ட மாதிரி மொட்டையாகக் கிடந்தது. நடுவில், சிவப்பு ரிப்பன் கட்டிய நாலு குச்சிக்குள், ஒரு துண்டு மட்டும் இடுப்பு உயரத்துக்கு நின்றது. டிராக்டர் சக்கரத்தின் தடம் அதைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

செந்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார். பக்கத்து வீட்டில் மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.

"விடுங்க மச்சான், வெட்டட்டும்" என்றார். "அங்க நம்ம துண்டு நிக்குது."